காலியாக இருந்த ஃபோல்டர்

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் முகம் என் பக்கம் இல்லை, தம்பி. கம்ப்யூட்டர் பக்கம் இருந்தது. நவம்பர் மாதம், காலை பத்தரை மணி இருக்கும். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடா வருடம் நவம்பரில், நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அதற்குத்தான் கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "என்ன, அங்கயே உக்காந்திருக்க?" என்றேன்.

"வருதான்னு பாக்கேன்" என்றாள்.

"எது?"

"ஒண்ணுமில்ல. நீங்க போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. முதுகும் கொண்டையும்தான் பார்த்தேன். நான் திரும்பி வரும்போது மணி ஒன்றேகால். நாற்காலியிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். இருதயம் என்றார் டாக்டர். வலி தெரிந்திருக்காது என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார் போல.

நீங்கள் கேட்டது மடியில் என்ன, டிவியா என்று. நான் வேறு எங்கோ தொடங்கிவிட்டேன். டிவி இல்லை. அந்தக் கம்ப்யூட்டர்தான். திரையை வீட்டில் வைத்துவிட்டு இந்தப் பெட்டியை மட்டும் பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். மேலே வைக்கச் சொல்லிக் கண்டக்டரும் இரண்டு தரம் சொல்லிவிட்டார். குலுங்கும். கோவில்பட்டி வரைக்கும் ஒன்றேகால் மணி நேரம், கால் மரத்துப்போகும். போகட்டும்.

என் பெயர் பரமசிவன். முப்பத்தெட்டு வருடம் தொலைபேசி இலாகாவில் இருந்தேன். கேபிள் ஜாயிண்டர். மண்ணுக்குள் போகிற கேபிளில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சேர்க்கிற வேலை. இரண்டு கிலோமீட்டர் கேபிள் செத்துக் கிடக்கிறது என்று வையுங்கள். முழுவதையும் தோண்ட முடியுமா? நடுவில் ஒரு குழி போட்டுச் சோதிப்போம். கோளாறு இந்தப் பாதியிலா, அந்தப் பாதியிலா என்று தெரியும். நல்ல பாதியை விட்டுவிட்டு, கெட்ட பாதியின் நடுவில் இன்னொரு குழி. பிறகு அதில் பாதி. இப்படிப் போனால் ஏழெட்டுக் குழியில் ஆளைப் பிடித்துவிடலாம். பிடித்துச் சேர்த்த பிறகு குழியை மூடி, மண்ணைத் தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் நான் நகர்வேன். மற்ற ஜாயிண்டர்கள் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். நான் போட்ட குழி எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது.

ரிட்டயர் ஆன வருடம் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. புத்தகம் வாங்கிப் படித்து, தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். வடிவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சண்முகவடிவு என்று பெயர், நான் வடிவு என்று கூப்பிடுவேன். அவளே வந்து கேட்டாள், அதுதான் ஆச்சரியம். டிவி ரிமோட்டைத் தொட மாட்டாள், தமிழில் டைப் அடிக்க ஒரே மாதத்தில் படித்துவிட்டாள். "யாருக்கு எழுதப்போற?" என்றேன். சிவகாசியில் தங்கச்சி மகள் சமையல் குறிப்பு கேட்கிறாள் என்றாள். தனியாக ஒரு மெயில் முகவரி போட்டுக்கொடுத்தேன். அதற்குள் 'சமையல்' என்று ஒரு ஃபோல்டர். வருகிறதெல்லாம் நேரே அதில் போய் விழுகிற மாதிரி அமைத்துக்கொடுத்தேன்.

நான் அவள் மெயிலைப் பார்க்கிற ஆள் இல்லை. சில பேர் பார்ப்பார்கள். நான் வாரத்துக்கு ஒருதரம், வைரஸ் ஏதும் வந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பதோடு சரி. எப்போது பார்த்தாலும் சமையல் ஃபோல்டர் காலியாக இருக்கும். படித்த உடனே அழித்துவிடுவாள். பாத்திரத்தைக்கூட ஊறப்போட மாட்டாள், சாப்பிட்ட கையோடு கழுவிவிடுவாள். அந்தச் சுத்தம்தான் இதிலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு பாடம்தான் அழுத்திச் சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டர் எதையாவது கேட்டால், எது கேட்டாலும் சரி, 'நோ' அழுத்து. வம்பு எல்லாம் 'எஸ்' அழுத்துவதில்தான் இருக்கிறது. நான் கொல்லையில் நிற்பேன், உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பாள்.

"ஏங்க, என்னமோ கேக்கு. இடம் மிச்சமாகுமாம். செய்யவான்னு கேக்கு."

"நோ அழுத்து."

"போன மாசமும் கேட்டுது."

"போன மாசமும் நோதான். இந்த மாசமும் நோதான்."

சிரிப்பாள். "இதுக்கு ஒங்க பேரையே வச்சிருக்கலாம்" என்பாள். என்ன அர்த்தத்தில் சொன்னாளோ. ஒன்பது வருடம் அது கேட்டது, ஒன்பது வருடமும் அவள் 'நோ' அழுத்தினாள். சொன்னதைத் தட்டாதவள், அதைச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளா? உண்டு. பிள்ளை என்றால் ஒன்று. மகள். கோமதி.

அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. ராஜபாளையத்தில் நல்ல இடமாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். மாடி வீடு, மாமியார் கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை கிடையாது. எட்டாவது மாதம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, என்னால அங்க இருக்க முடியாதுப்பா" என்றாள். என்ன குறை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னால்தானே தெரியும்? வடிவு மட்டும், "அவ கையைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். வளையல் உடைந்து குத்தினால்கூட அப்படி இருக்கும். மறுநாள் நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். சும்மா விடவில்லை. சாத்துக்குடி, ஆப்பிள், இரண்டு பாக்கெட் இனிப்பு எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனேன். அவர்களும் மரியாதையாகத்தான் காப்பி கொடுத்தார்கள். நான் கிளம்பும்போது அவள் உள்ளே போய்விட்டாள், வாசலுக்கு வரவில்லை. பத்தொன்பது நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து போனவள்தான். ஒரு வருடம் சென்று ஒரு கார்டு வந்தது. புனேயில் வேலையில் இருக்கிறேன் என்று.

நான் அப்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன். மகளோடு பேசாதே என்று நான் வடிவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டுமானால் பேசியிருக்கலாம். டெலிபோன் வீட்டில்தான் இருந்தது. எங்கெங்கே எவ்வளவு நேரம் பேசினோம் என்று பில்லோடு விவரம் வரும், நான் வரிவரியாகப் பார்ப்பேன், அது என் தொழில் புத்தி. புனேக்கு ஒரு அழைப்புக்கூட இருந்ததில்லை. சரி, அவளுக்கும் மகள்மேல் கோபம் இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

வடிவு போனதற்குக் கோமதி வரவில்லை. பெற்றவள் செத்துக் கிடக்கிறாள், வரவில்லை. வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். "தெரிஞ்சிருக்கும், மனசு வந்திருக்காது" என்று சொன்னேன். அவள் நம்பர் எங்கள் ஆட்களில் யாரிடமும் இல்லை. ஆனாலும் இந்தக் காலத்தில் ஒரு சாவு தெரியாமலா போகும் என்று நினைத்தேன். அந்த வருத்தம் எனக்குப் பெரிய வருத்தம், தம்பி. இத்தனைக்கும் பந்தலில் உட்கார்ந்துகொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கே விட்டேன்? கம்ப்யூட்டர்.

வடிவு சாவதற்குப் பத்து நாள் முன்னால் சொன்னாள். "ஏங்க, மெயில் வரமாட்டேங்கு. செவப்பா ஒரு கோடு காட்டுது. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

"பாக்கேன்."

மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். ஓய்வுபெற்றோர் சங்கத்தில் மகாசபை, நான் அந்த அலைச்சலில் இருந்தேன். "சமையல் குறிப்புதான, ஒரு வாரம் கழிச்சி வந்தா என்ன, அடுப்பு அணைஞ்சிருமா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அதைத்தான் முதலில் எடுத்தேன். அவள் கடைசியாகச் சொன்ன வேலை. செய்யாமல் விட்ட வேலை. டிஸ்க் நிறைந்திருந்தது. துளி இடம் இல்லை. இடம் இல்லாவிட்டால் புது மெயில் இறங்காது, எங்கோ கம்பெனிக்காரனின் பெட்டியிலேயே காத்துக்கொண்டு நிற்கும். சரி, பழையதை அழிப்போம் என்று என் மெயிலையெல்லாம் அழித்தேன். சங்கத்து சுற்றறிக்கை, வாழ்த்து, விளம்பரம், எல்லாம். ஆயிரக்கணக்கில் போனது. சிவப்புக் கோடு ஒரு இம்மி நகரவில்லை. இன்னும் அழித்தேன். நகரவில்லை. அழித்தால் இடம் வர வேண்டும் இல்லையா? வீட்டைக் காலி செய்தால் அறை காலியாகத்தானே வேண்டும்?

தை பிறந்து பத்து நாள் வரைக்கும் இதே வேலைதான். சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வரும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வீட்டின் மற்றப் பக்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தச் சமயம் பார்த்து டெலிபோனும் தகராறு. ஞாயிற்றுக்கிழமையானால் மணி அடிக்கும். எடுத்து "ஹலோ" என்றால் எதிர்ப்பக்கம் பேச்சே இருக்காது. மூச்சு விடுகிற மாதிரி லேசாக ஒரு இரைச்சல். பிறகு கட்டாகிவிடும். ஈரம் இறங்கியிருக்கும் என்று கம்பத்திலிருந்து வருகிற ஒயரை மாற்றினேன். போனையும் மாற்றிப் பார்த்தேன். இன்னும் அடிக்கத்தான் செய்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் என் பழைய முறைக்கே வந்தேன். பாதி பாதியாகப் பிரிப்பது. டிஸ்க்கில் எந்தப் பாதி கனக்கிறது? அதில் எந்தப் பாதி? அதற்குள் எது? ஏழாவது குழியில் ஆள் அகப்பட்டுவிட்டான். வடிவின் சமையல் ஃபோல்டர். திறந்தால் ஒரு மெயில்கூட இல்லை. ஆனால் அதன் எடை மூன்றரை ஜிபி. உள்ளே ஒன்றும் இல்லாத பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை என்றால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஞானராஜுக்குப் போன் செய்தேன். என்னோடு எக்ஸ்சேஞ்சில் இருந்தவர், இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார், கம்ப்யூட்டரில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

"பரமசிவன், அது ஒண்ணுமில்லய்யா" என்றார். "அழிச்சா அழியாது. நோட்டுல ஒரு வரிய அடிச்சுவிடுற மாதிரிதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனா எழுத்து உள்ள கெடக்கும். 'சுருக்கு'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அத அழுத்துனாத்தான் அடிச்சதையெல்லாம் கிழிச்சி வெளிய போடும். அதுவே அப்பப்பக் கேக்குமே, இடம் மிச்சமாகும் செய்யவான்னு. கேட்டதில்லையா?"

"கேட்டிருக்கு."

"என்ன செஞ்சீரு?"

"நோ."

"நல்ல ஆளுய்யா. எஸ்ஸ அழுத்தும்."

அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஓடியது. மூன்றரை ஜிபி பூஜ்யமானது. சிவப்புக் கோடு நீலமாக மாறியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு ஒரு சந்தோஷம் என்றால் அன்றைக்குத்தான். எழுந்து அடுக்களைப் பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டேன், சரியாகிவிட்டது என்று சொல்வதற்கு. பாதியில் நின்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கோளாறைச் சரிசெய்துவிட்டு அப்படியே விடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னேன் இல்லையா. டிஸ்க்கில் அங்கங்கே சிதறிக் கிடப்பதையெல்லாம் நகர்த்தி ஒன்றோடு ஒன்று நெருக்கி வைக்க ஒரு வசதி இருக்கிறது. பள்ளத்தை மூடி மண்ணைச் சமப்படுத்துகிற வேலை மாதிரி. அதை ஓடவிட்டேன். மத்தியானம் முழுக்க ஓடியது. கட்டம் கட்டமாகக் காட்டும், வெள்ளைக் கட்டம் எல்லாம் நிறம் மாறி நெருங்கிக்கொண்டு வரும். பார்க்க நன்றாக இருக்கும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் மெயிலைத் திறந்தேன். இப்போது இடம் இருக்கிறது அல்லவா? காத்துக்கொண்டு நின்றதெல்லாம் இறங்கியது. சமையல் ஃபோல்டரில் பதினொன்று. ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்தது. பதினொன்றும் ஒரே ஆளிடமிருந்து. கோமதி பரமசிவன். என் பெயரை எடுக்கவில்லை அவள், தம்பி. அப்படியே வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுதியிருக்கிறாள். முதலாவது, வடிவு என்னிடம் சிவப்புக் கோடு என்று சொன்ன வாரத்தினுடையது. தலைப்பு மட்டும் வெளியே தெரியும். 'பாப்பா ஃபோட்டோ' என்று அதில் இருந்தது. அடுத்தது, 'அம்மா, கிடைச்சுதா?' அப்புறம் 'அம்மா சுகமா?' அப்புறம் 'என் மேல கோபமா?' மிச்சம் ஏழுக்கும் வெறும் 'அம்மா' என்றுதான் இருந்தது.

அவளுக்குத் தெரியாது. அம்மா இல்லை என்பதே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஞானராஜுக்குப் போன் செய்தேன். "நேத்து கிழிச்சி வெளிய போட்ட மூன்றரை ஜிபி என்னதுன்னு தெரிஞ்சு போச்சு" என்றேன். சொன்னேன். "மதினியா" என்றார். "ஒன்பது வருசமா" என்றார். பிறகு, "அந்தப் பெட்டியை இனிமே போடாதீரும். ஒரு எழுத்து அடிக்காதீரும். அப்படியே நிறுத்தி எடுத்துக்கிட்டு வாரும். இங்க பக்கத்துல வண்ணாரப்பேட்டையில ஒரு பொண்ணு இருக்கு, போனதையெல்லாம் எடுத்துக் குடுக்கும்" என்றார்.

அங்கே போய்விட்டுத்தான் இப்போது வருகிறேன். நாலு நாள் வைத்திருந்தது அந்தப் பெண். மல்லிகா என்று பெயர், பொறுமையான பெண். இன்றைக்குக் காலையில் என்னை உட்காரவைத்துச் சொன்னது.

"அண்ணாச்சி, சுருக்குனதோட விட்டிருந்தீங்கன்னா எடுத்திருக்கலாம். அதுக்குப் பிறகு எல்லாத்தையும் நகர்த்தி அடுக்கியிருக்கீங்க. அது இருந்த இடத்துல எல்லாம் வேற வந்து உக்காந்துட்டு. ஒண்ணும் வரல."

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட இல்ல, அண்ணாச்சி."

நான் பெட்ஷீட்டை எடுத்துப் பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணும் ஒரு முனையைப் பிடித்தது. பிடித்துக்கொண்டே, இப்போது நீங்கள் கேட்கிற மாதிரியே கேட்டது. "இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படுதீங்க? அனுப்புனவங்ககிட்ட எல்லாம் இருக்குமே. அம்மா எழுதுனதும் அவங்க பெட்டியில இருக்கும். மகளுக்கு ஒரு பதில் போடுங்க, போதும்."

எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். பதில் போடுவதற்கு எனக்குத் தெரியாதா? அன்றைக்கே, அந்தப் பதினொன்றும் வந்து விழுந்த அன்றைக்கே உட்கார்ந்து அடித்தேன். 'அன்புள்ள கோமதிக்கு' என்று அடித்தேன். அழித்தேன். 'கோமதி' என்று மட்டும் அடித்தேன். 'அம்மா இறந்துவிட்டாள்' என்று அடித்துப் பார்த்தேன். நவம்பரில் செத்ததை இப்போது சொல்கிறாயா என்று கேட்பாள். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்பாள். டிஸ்க்கில் இடம் இல்லை என்று எழுதுவதா? அழித்தேன்.

அந்தப் பழைய கடிதங்கள் கிடைத்திருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்திருக்கும். என்னைப் பற்றி வடிவு என்ன எழுதிவைத்திருந்தாள், அப்பாவைப் பற்றி இவள் எப்போதாவது கேட்டாளா, அந்தப் பாப்பா யார், எத்தனை வயது, பெயர் என்ன, பாப்பாவுடைய அப்பா எந்த ஊர்க்காரர், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒன்பது வருடப் பேச்சின் நடுவில் போய், ஒரு வரி சாவுச் செய்தியோடு எப்படி நுழைவது? கேபிளில்கூட இரண்டு முனையும் கையில் கிடைத்தால்தான் சேர்க்க முடியும். அதற்குத்தான் இவ்வளவு தூரம் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. வேறு ஒன்றுமில்லை.

புதிதாக வந்த பதினொன்றைத் திறந்தால் கொஞ்சம் தெரியும் என்கிறீர்கள். தெரியும். ஆனால் அது எனக்கு எழுதியது இல்லையே, தம்பி. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

அதோ கயத்தாறு தாண்டிவிட்டது. இன்னும் அரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். இன்றைக்கு என்ன கிழமை? சனிக்கிழமையா. அப்படியானால் நாளைக்கு ஒன்று வரும். பெட்டியை நிறுத்தி வைத்த இந்த ஐந்து நாளில் ஞாயிறு வரவில்லை, அதனால் கணக்கு இன்னும் மாறவில்லை.

படிக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும். ஒரு தரம் திறந்துவிட்டால் மெலிந்துவிடும். இதற்குள் இருக்கிற பதினொன்றும் தடித்த எழுத்தில்தான் நிற்கின்றன.